ஐஸ் வராத பிரிட்ஜ்

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் மில்லில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில், என்னைக் கேட்காமலே, என்னைக் கம்ப்யூட்டர் கிராணி, அதாவது கம்ப்யூட்டர் குமாஸ்தா, ஆக்கினார்கள். சம்பளம் ஏறவில்லை, நாற்காலி மட்டும் மாறியது. ஆபீசில் இருந்தவர்களில் கிள்ளானுக்குப் போய் ஆறு மாதம் சனிக்கிழமை தோறும் கம்ப்யூட்டர் கிளாசில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கிளாசில் பத்துப் பேருக்கு ஒரு மெஷின். நான் அதைத் தொட்ட நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு தமிழ்ப்படத்தின் இடைவேளை வரைக்கும்கூட வராது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆபீசுக்குத் தலைவர் பெரிய கிராணி. மேனேஜர் மாடியில் இருந்தார். ஆனால் மில்லை நடத்துவது தாம்தான் என்று பெரிய கிராணி நம்பினார். நெற்றி நிறையத் திருநீறு. மேசையில் மூன்று ரப்பர் ஸ்டாம்பு, ஒரு ஓட்டை போடும் மெஷின். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் அதில் இரண்டு ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். கல்யாணப் பத்திரிகைக்குக்கூட ஓட்டை போட்டு மாட்டி வைத்திருந்தார்.

மில் வாசலில் எடைமேடை. செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரிகள் அதன்மேல் ஏறி நிற்கும். காலி லோரியாகத் திரும்பும்போது இன்னொரு தடவை நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குலையின் எடை. அதைச் சீட்டில் எழுதுகிறவர் எங்கள் நானா. நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பம்; அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் டவுனில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார்கள். இவர் ஒருத்தர்தான், "ரொட்டி வீசி வீசித் தோள்பட்டை போச்சு" என்று சொல்லிவிட்டு எடைமேடைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தவர். மணிக்கொரு தடவை சீட்டுகளை எடுத்துக்கொண்டு சின்ன மோட்டார்சைக்கிளில் ஆபீசுக்கு வருவார், டீ குடிப்பார், ஊர் வம்பு பேசுவார், போவார்.

அந்த வழக்கத்துக்குத்தான் உலை வைத்தார்கள். எடைமேடைக் கொட்டகையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து அதை ஆபீசோடு கேபிளால் இணைத்துவிட்டால், நானா எடையைத் தட்டிய உடனே அது ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து நிற்குமாம். சீட்டு சுமக்க வேண்டாம். தலைமை ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. கம்பெனி என்றால் டை கட்டிய ஓர் இளைஞன், ஒரு பெட்டி, ஒரு வேன்.

டெக்னீஷியன் தமிழ்ப் பையன்தான், ஆனால் தமிழைப் பல்லால் கடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் துப்புவான். தலையில் மணக்கிற எண்ணெய். எங்கள் மில்லில் வீசும் நாற்றத்துக்கு நடுவே அந்த மணம் வந்தால் தலை சுற்றும். அவன்தான் சொன்னான்: வாசலுக்கும் ஆபீசுக்கும் ஒரே கேபிள் இழுத்தால் தூரம் தாங்காது. அதனால் இரண்டு கேபிள். நடுவில், உரம் வைக்கும் ஸ்டோரில், ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் வயிற்றில் இரண்டு கார்டு. ஒரு கார்டில் ஆபீஸ் கேபிள், இன்னொன்றில் எடைமேடைக் கேபிள். இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கம் எடுத்துக் கொடுப்பதுதான் அதற்கு வேலை. அதற்குப் பெயர் பிரிட்ஜ்.

டீ அக்கா காதில் இது விழுந்தது. ஆபீஸ் கூட்டி டீ போடுகிற அக்கா அவள். மில்லில் நடந்ததும் நடக்காததும் அவள் வழியாகத்தான் வெளியே போகும்.

"ஏம்மா, ஸ்டோருக்கு பிரிட்ஜ் வருதாமே? நம்ம பால் டின்னு ரெண்ட உள்ள வெச்சுக்கலாமா?"

"அது அந்த பிரிட்ஜ் இல்லக்கா. பாலம். கம்ப்யூட்டர் பாலம்."

"ஐஸு வராதா?"

"வராது."

"அப்பறம் என்னாத்துக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஒரு மாதம் நானே எனக்குள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திறப்பு விழா வைத்தார்கள். மேனேஜருக்கு வெயிலில் நிற்கப் பிடிக்காது என்பதால், எடைமேடைக்கு உரிய கம்ப்யூட்டரையும் ஏர்கண்டிஷன் அறைக்கே தூக்கிவந்து மற்ற மெஷின்களோடு ஆபீஸ் கேபிளில் சொருகினார்கள். பெரிய கிராணி ஊதுபத்தி கொளுத்தினார். "புகை படக்கூடாது சார், ப்ளீஸ் சார்" என்று டெக்னீஷியன் குறுக்கே விழுந்தான். மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும் என்று சமாதானம் ஆனது. நானா பிஸ்மில்லா சொல்லி ஒரு விரலால் எடையைத் தட்டினார். ஆபீஸ் திரையில் அந்த எடை வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள், கறிபஃப் சாப்பிட்டார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டெக்னீஷியன் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரை வாசல் கொட்டகையில் வைத்துக் கேபிளைச் சொருகிவிட்டு வேன் ஏறினான்.

மறுநாள் காலையில் நானா மெஷினைத் திறந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரைக் காணவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அணைத்துத் திறந்தார். அதே வரி. போன் அடித்தார்.

"தங்கச்சி, ஆபீஸு காணாமப் போச்சுங்குது இது. நீ அங்கதானே இருக்க?"

"இருக்கேன் நானா."

"அப்ப இது பொய் சொல்லுது லா."

சீட்டுகளை எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

டெக்னீஷியன் இரண்டாம் தடவை வந்தான். ஸ்டோருக்குப் போய் பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்து ஒரு டெஸ்ட் ஓட்டினான். ஆபீஸ் பக்கத்துக் கார்டு சரி. எடைமேடைப் பக்கத்துக் கார்டு சரி. "ஃப்ரம் மை சைட் ஓகே, மிஸ். யூ ஆல் மிதிச்சுட்டீங்க கேபிளை." மூன்றாம் தடவை வந்து கேபிளை மாற்றினான். அப்போதும் அந்த வரிதான். எலி என்றான். நான்காம் தடவை, இடி விழுந்திருக்கும் என்றான். அந்த வாரம் முழுக்க வெயில். நானாவின் கொட்டகையில் இருந்த இரும்பு டிபன்காரியரைப் பார்த்து, அதைத் தள்ளி வைக்கச் சொன்னான். நானா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இத எங்க தள்ளச் சொல்ற தம்பி? மீன் கொளம்பு இருக்கு இதுல."

ஒவ்வொரு தடவையும் டெக்னீஷியனை ஸ்டோருக்கும் வாசலுக்கும் கூட்டிப்போவது என் வேலை. கம்ப்யூட்டர் கிராணி நான்தானே. வெயிலில் அவன் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். நான்காம் தடவை அவன் போன பிறகு டீ அக்கா என் மேசையில் டீயை வைத்தாள். போகாமல் நின்றாள்.

"நல்ல பையனாத்தான் தெரியுறான்."

"யாரு?"

"வாராவாரம் வாரானே."

"மெஷின் கெட்டுப்போச்சு, வாரான்."

"அதத்தான் சொல்றேன். ஏன் கெட்டுப்போவுதுன்னு எல்லாருக்கும் தெரியும் லா."

எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. அவன் வரவேண்டும் என்பதற்காக நானே வாராவாரம் மெஷினைக் கெடுக்கிறேனாம். பாய்லர் பக்கம் வேலை செய்கிறவர்கள்வரை பேச்சு போயிருந்தது. அடுப்பில் போட்ட குலை வேகுமுன் இந்தக் கதை வெந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அம்மா எஸ்டேட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். நாங்கள் லயத்தில், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் இருந்தோம். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டை கட்டுவானாமே?"

"யாரும்மா சொன்னா?"

"யாரு சொன்னா என்ன. நம்ம ஆளுங்களா?"

"அம்மா, அவன் தலையில எண்ணெய் நாத்தம். நான் அவன கட்டிக்கிறதுக்கு பதிலா பாய்லர்ல விழுந்துடுவேன்."

"எண்ணெயெல்லாம் கல்யாணத்துக்கப்பறம் மாத்திக்கலாம்" என்றாள் அம்மா. கிண்டல் இல்லை. யோசித்துச் சொன்னாள்.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். இந்தப் பிரிட்ஜை நானே சரிசெய்கிறேன், அவன் இனி இந்த மில் வாசலை மிதிக்கவே கூடாது. நெட்வொர்க்கின்மேல் எனக்கு அக்கறை ஒன்றும் இல்லை. என் மானம்தான் கேபிளில் மாட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நானாவிடம் போய்ச் சொன்னேன். சரிசெய்தால் அவருடைய டீப் பயணம் போய்விடும். அதனால் மாட்டேன் என்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ, "அவன் என் டிப்பனத் தள்ளச் சொன்னாம்மா" என்றார். அவ்வளவுதான், கூட்டணி ஆகிவிட்டது.

எதில் கோளாறு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். எடைமேடைக் கம்ப்யூட்டரே கெட்டதா? உரம் தள்ளும் கைவண்டியைக் கழுவி, அதில் அந்தக் கம்ப்யூட்டரை ஏற்றி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, இரண்டு பேரும் ஆபீசுக்குத் தள்ளினோம். வரிசையில் நின்ற லோரி டிரைவர் ஒருவர் தலையை நீட்டினார். "என்னா நானா, யாரு உள்ள? ஆஸ்பத்திரிக்கா?"

"ஆமா, பிரசவம்" என்றார் நானா.

ஆபீசில் சொருகினால் அது திறப்பு விழாவில் செய்த மாதிரியே ஒழுங்காக வேலை செய்தது. அப்புறம் தலைகீழாகச் செய்தோம். ஆபீசில் நன்றாக ஓடிய என் கம்ப்யூட்டரைக் கைவண்டியில் ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோய்ச் சொருகினோம். ஆபீஸைக் காணவில்லை என்று அதுவும் சொன்னது. ஆக, மெஷின்மேல் பழி இல்லை. எலியும் இல்லை, இடியும் இல்லை, மீன் குழம்பும் இல்லை.

ஸ்டோரில், உர மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தேன். டெக்னீஷியன் இந்தப் பக்கத்தைத் தனியாகப் பார்த்தான், சரி. அந்தப் பக்கத்தைத் தனியாகப் பார்த்தான், அதுவும் சரி. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறதா என்று ஒரு தடவைகூட அவன் பார்க்கவில்லை. திறப்பு விழா அன்றும் எல்லா மெஷினும் ஒரே கேபிளில்தான் இருந்தன. பிரிட்ஜுக்கு அன்று வேலையே இல்லை. யாருமே கடந்து பார்க்காத பாலத்தைத் திறந்துவைத்துக் கறிபஃப் சாப்பிட்டிருக்கிறோம்.

கம்பெனி கொடுத்த புத்தகங்கள் என் அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம், எல்லாம் ஆங்கிலம். பிரிட்ஜைப் பற்றிய அத்தியாயத்தைத் தேடிப்பிடித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஒரு வரி கண்ணில் பட்டது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். ஒரு கேபிளின் நம்பர் இன்னொன்றுக்கு இருக்கக்கூடாது.

புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் டெக்னீஷியன் நிரப்பிய தாள் ஒன்று செருகியிருந்தது. அழகான கையெழுத்து. முதல் கார்டு, கேபிள் நம்பர்: ஒன்று. இரண்டாம் கார்டு, கேபிள் நம்பர்: ஒன்று.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெரிய கிராணி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

லயத்தில் வளர்ந்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள டிப்ளோமா தேவையில்லை. எஸ்டேட்டில் இரண்டு லயம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒன்றாம் நம்பர் என்று பலகை மாட்டியாயிற்று என்று வையுங்கள். நடுவில் தபால்காரன் நிற்கிறான். ஒன்றாம் லயத்தில் இருக்கும் ஒருத்தி ஒன்றாம் லயத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். அவன் விலாசத்தைப் பார்க்கிறான். "இது இந்த லயத்துக்குத்தானே, இதை ஏன் நான் எடுத்துப்போகணும்?" என்று கையைக் கட்டிக்கொள்கிறான். அவன் மேல் தப்பே இல்லை. சொன்னபடிதான் செய்கிறான். ஒரு மாதமாக அந்தப் பழைய கம்ப்யூட்டர் உர மூட்டைகளுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

நியாயமாக முதலில் கம்பெனிக்குத்தான் போன் அடித்தேன். டெக்னீஷியன் எடுத்தான்.

"ரெண்டு கேபிளுக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கீங்க."

"நோ லா மிஸ். ஐ ஆல்வேஸ் புட் ஒன். ஆல் மை கஸ்டமர் ஆல்சோ ஒன்."

"அவங்களுக்கெல்லாம் ஒரே கேபிளா இருக்கும்."

"யூ டோன்ட் டச் எனிதிங், ஓகே? நான் நெக்ஸ்ட் தர்ஸ்டே வாரேன்."

அவன் அடுத்த வியாழன் வந்தால் டீ அக்கா கல்யாணப் பத்திரிகையே அடித்துவிடுவாள். போனை வைத்தேன்.

நம்பரை மாற்றுவது என்றால் திரையில் ஒன்றை அழித்து இரண்டு என்று தட்டுவதல்ல. பிரிட்ஜுக்கு உள்ளே இருக்கும் புரோகிராமையே புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பதினாலு டிஸ்கெட், அகலமான அந்தக் காலத்து டிஸ்கெட். அவற்றை மாற்றி மாற்றி மெஷினுக்கு ஊட்ட வேண்டும். டிஸ்கெட் பெட்டி பெரிய கிராணியின் இரும்பு அலமாரியில். சாவி அவர் அரைஞாணில்.

"ஐயா, அந்த டிஸ்கெட் பெட்டி வேணும்."

"கம்பெனிக்காரன் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனான்."

"தொடாமத்தானேய்யா ஒரு மாசமா கெட்டுக் கெடக்கு."

"நீ தொட்டு இன்னும் கெட்டுப்போச்சுன்னா? மேனேஜர் என்னையதானே கேப்பாரு?"

"கெட்டுப்போனா கம்பெனிக்காரன் மறுபடி வருவான். அதுக்காகத்தான் கெடுத்தேன்னு எல்லாரும் ஏற்கெனவே பேசுறாங்க. உங்கமேல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அந்த நியாயம் அவருக்குப் பிடித்துப்போனது. சாவியை எடுத்தார். "மேனேஜர் கேட்டா நான் டாய்லெட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். பெட்டியைக் கொடுத்துவிட்டு, சொன்ன வாக்கைக் காப்பாற்ற உண்மையிலேயே டாய்லெட்டுக்குப் போனார்.

பெட்டியைத் திறந்தேன். பதிமூன்றுதான் இருந்தன. பதினோராவதைக் காணோம். ஒரு மணி நேரம் தேடினேன். டாய்லெட்டிலிருந்து வந்த பெரிய கிராணி, "ஓ, அதுவா" என்று ஒரு ஃபைலை இழுத்தார். 'கம்ப்யூட்டர், பொது' என்று ஃபைலின் மேல் எழுதியிருந்தது. உள்ளே, டெலிவரிச் சீட்டுக்கும் நன்றிக் கடிதத்துக்கும் நடுவே, பதினோராம் டிஸ்கெட். ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, அழகாகக் கோத்து வைத்திருந்தார்.

"மாதிரிக்கு ஒன்னு ஃபைல்ல இருக்கட்டும்னு..." என்றார்.

டிஸ்கெட்டைப் பிடுங்கினேன். சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டிஸ்கெட்டின் உறை சதுரம், உள்ளே இருக்கும் தட்டு வட்டம். ஓட்டை இரண்டும் சதுரத்தின் ஓரத்தில், வட்டத்தின் விளிம்பை மயிரிழையில் விட்டு விழுந்திருந்தன. ஒரு நூல் உள்ளே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். பெரிய கிராணியின் கைநேர்த்தியை அன்றைக்குத்தான் நான் மதித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டோரில் உட்கார்ந்தேன். மெஷின் ஒன்றாம் டிஸ்கெட்டைக் கேட்டது, கொடுத்தேன். நாலாவதைக் கேட்டது. மறுபடி ஒன்றாவதைக் கேட்டது. ஏழு. மறுபடி நாலு. அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. இடையில் கார்டு கார்டாகக் கேபிள் நம்பர் கேட்டது. முதல் கார்டுக்கு ஒன்று என்று தட்டினேன். இரண்டாவதுக்கு இரண்டு என்று தட்டினேன். பதினோராம் டிஸ்கெட்டை உள்ளே தள்ளியபோது கறக் கறக் என்று ஒரு சத்தம் போட்டது. நான் ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். நானாவின் சார்பில் இரண்டு அவுலியாவையும் கூப்பிட்டேன். சத்தம் நின்று, பன்னிரண்டாவதைக் கேட்டது.

முடியும்போது பதினொன்றரை. ஸ்டோரில் போன் கிடையாது. அதனால் நானாவோடு முன்பே பேசி வைத்திருந்தேன். நான் ஸ்டோர் வாசலில் நின்று கை காட்டியதும் அவர் கொட்டகையில் மெஷினைத் திறக்க வேண்டும். ஆபீஸ் கிடைத்தால் எடைமேடையில் நிற்கும் லோரியை ஒரு தடவை ஹாரன் அடிக்கச் சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் ஒன்றும் வேண்டாம்.

ஸ்டோர் வாசலில் நின்று கை காட்டினேன். வெயில். ஈ மொய்த்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். போச்சு என்று திரும்பினேன். அப்போது ஹாரன் அடித்தது. ஒரு தடவை இல்லை, விடாமல் அடித்தது. பின்னால் வரிசையில் நின்ற லோரிகளும் என்னவோ ஏதோ என்று சேர்ந்து அடித்தன. பாய்லர் பக்கத்து ஆட்கள், யாரோ மெஷினில் மாட்டிக்கொண்டான் என்று ஓடிவந்தார்கள். மேனேஜர் மாடி சன்னலைத் திறந்தார். நானா கொட்டகை வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஓடினேன். சேலை கட்டிக்கொண்டு அவ்வளவு வேகமாக நான் ஓடியது அதுதான் முதலும் கடைசியும்.

திரையில் ஆபீஸ் இருந்தது. நானா எடையைத் தட்டினார். போனில் பெரிய கிராணியைக் கூப்பிட்டேன். "ஐயா, உங்க திரையில லோரி எடை தெரியுதா?"

"தெரியுதும்மா. இத நான் எப்படி ஃபைல் பண்ணுறது?"

ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கு ஒரு வரி செய்தி அனுப்ப முடியும் என்று அந்தப் புத்தகத்திலேயே படித்திருந்தேன். நானாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒற்றை விரலால், இங்கிலீஷ் எழுத்தில், 'டீ இருக்கா' என்று தட்டி அனுப்பினார். ஆபீசில் பெரிய கிராணியின் மெஷின் பீப் என்று கத்தி, திரையின் அடியில் அந்த வரியைக் காட்டியிருக்கிறது. அவர் எழுந்து மெஷினுக்குப் பின்னால் போய் யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததாக டீ அக்கா பிற்பாடு சொன்னாள். டீயை அக்காவே வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு நானா தினமும் அப்படித்தான் டீ வரவழைத்தார். அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை டெக்னீஷியன் வந்தான். கையில் புதுக் கார்டு. எல்லாம் ஓடுவதைப் பார்த்தான். நான் அவன் எழுதிய தாளை மேசையில் வைத்து, அந்த இரண்டு 'ஒன்று'களையும் விரலால் தொட்டுக் காட்டினேன்.

"ஓ, திஸ் ஒன் ஆ? இன்னிக்கு நான் இதத்தான் சேஞ்ச் பண்ண வந்தேன்" என்றான்.

நானா சீட்டு எதுவும் இல்லாமல், சும்மா பார்க்க வந்திருந்தார். "தம்பி, டை நல்லா இருக்கு" என்றார். "அதயாவது ஒழுங்காக் கட்டியிருக்க."

அவன் வேன் ஏறிப் போனான். பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். டீ அக்கா கோப்பையை எடுக்க வந்தாள். "கெட்டிக்காரப் பொண்ணு வேணும்னு அவன் கேட்டானாக்கும்? அதான் நீயே செஞ்சு காட்டுன" என்றாள். நான் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மேனேஜர் அந்தக் கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல டைப் செய்ய வேண்டியவள் நான்தான். உங்கள் டெக்னீஷியனின் விடாமுயற்சியைப் பாராட்டுகிறோம் என்ற வரி வந்ததும் என் கை நின்றுவிட்டது. எனக்குத் துணிச்சல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் பதினாலு டிஸ்கெட்டையும் மூன்றரை மணி நேரம் ஊட்டிய கை அது. அந்த வரியைத் தட்ட மறுத்தது. மலாயில் சொன்னேன்: அவர் செய்யவில்லை துவான், நான்தான் செய்தேன். கைவண்டியிலிருந்து ஹாரன் வரைக்கும் முழுக்கதையும் சொன்னேன். ஓட்டை போட்ட டிஸ்கெட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

மேனேஜர் கிளந்தான் பக்கத்து மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியானால் இனி அவர்களைக் கூப்பிட வேண்டாம், எது கெட்டாலும் நீயே பார் என்றார். பாராட்டுக்குப் போனவளுக்குக் கூடுதல் வேலை கிடைத்தது. சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். தலைமை ஆபீசுக்கு எழுதுகிறேன் என்றார். உண்மையாகவே எழுதினார். பதில் வருவதற்குள் நான் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மனுப் போட்டுவிட்டேன். அங்கே இன்டர்வியூவில், இதுவரை நீ சரிசெய்த ஏதாவது ஒன்றைச் சொல் என்றார்கள். சொன்னேன். வேலை கிடைத்தது.

போகுமுன், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்காகப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். எந்த டிஸ்கெட்டுக்குப் பிறகு எது, எங்கே ஒன்று, எங்கே இரண்டு, எது கறக் கறக் என்று கத்தினாலும் பயப்பட வேண்டாம், எல்லாம். நாற்பது பக்கம், நல்ல தமிழில். என் இடத்துக்கு வந்தவள் சபாக்கிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகான எழுத்து என்றாள்.

மூன்று நாள் கூடுதலாக உட்கார்ந்து மலாயில் எழுதினேன். பிரிட்ஜ் வந்த இடத்திலெல்லாம் ஜம்பத்தான் என்று போட்டேன். பாலத்துக்கு மலாய் அதுதான். எடைமேடைக்கும் மலாயில் ஜம்பத்தான்தான் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. ராவாங்கில் இரண்டாம் வாரம், நானா போன் அடித்தார்.

"தங்கச்சி, இந்தப் புள்ள கொப்பிய வெச்சுக்கிட்டு காலையிலேந்து எடைமேடையச் சுத்திச் சுத்தி வருது. லோரியெல்லாம் நிக்குது. டிஸ்கெட்ட எங்க சொருகுறதுன்னு கேக்குது. நான் என்ன சொல்ல?"

ஸ்டோருக்குக் கூட்டிப்போங்கள் என்றேன். அதற்கு முன் போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, ஜம்பத்தான் முதலில் வரும் எட்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம்.